ஷாமளா கெட்டியான விதம்

வாசனைக்குப் போடும் பாண்டான் இலையை முடிச்சுப் போட்டுத்தான் கொதிக்கும் தண்ணீரில் போட வேண்டும், இன்ஸ்பெக்டர் சார். இல்லாவிட்டால் அகார் அகார் இனிப்பில் நார் நாராக மிதக்கும். நான் அப்படிச் செய்கிறவள் அல்ல.

ஷாமளாவைக் காணவில்லை என்று என் கணவர் அட்ரியன் புகார் கொடுத்திருக்கிறார். வயது ஆறு, நிறம் சிவப்பு என்று உங்கள் ஆள் எழுதியிருப்பது சரிதான். உடுத்தியிருந்த உடை என்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறார். அதுவும் சரி. ஷாமளா ஒரு சிவப்புக் கடற்பாசி. தம்போயில் எங்கள் வீட்டு ஹாலில், கண்ணாடித் தொட்டியில் வளர்ந்தவள். அட்ரியன் கல்லூரியில் பாசிகளை ஆராய்கிறவர்.

அவர் என்னோடு பேசுவதில்லை என்று சொல்ல முடியாது. சாப்பாட்டு மேசையில் ஷாமளாவைப் பற்றிப் பேசுவார். அவளுடைய ஒவ்வொரு செல்லும் உள்ளே சர்க்கரைகளைச் சங்கிலியாகக் கோக்குமாம். அங்கங்கே சல்பேட்டைப் பொருத்தி வெளிச்சுவருக்கு அனுப்புமாம். அந்த வழவழப்பு தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளுமாம்.

"கடல் வத்தி வெயில்ல கெடந்தாலும் வாடமாட்டா. அது ஒரு தெறமைலா," என்றார் ஒருநாள். அன்று எங்கள் கல்யாண நாள். நான் புதுப் புடவையில் மூன்று மணி நேரம் காத்திருந்தேன்.

இன்னொரு நாள் சொன்னார்: "சல்பேட் அதிகமா இருந்தா அகார் சரியா உறையாது. நீ பலகாரத்துக்கு ஊத்துவியே, ஆயர் அபு, அந்தச் சாம்பல் காரத் தண்ணியில போட்டு சூடாக்கினா சல்பேட் கழண்டுரும். அப்புறம் கல்லு மாதிரி நிக்கும்."

நான் காதில் வாங்குவதில்லை என்று நினைத்திருக்கிறார். ஒரு சொல் விடாமல் கேட்டேன் சார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளை வெளியே எடுத்தேன். முரட்டுத்தனம் எதுவும் இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவது போல மூன்று தண்ணீரில் அலசினேன். காரத் தண்ணீரில் சூடாக்கி, மறுபடி கழுவி, வேகவைத்து, துணியில் வடிகட்டினேன். குலா மலாக்கா வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்தேன். அவள் ஒரு சத்தமும் போடவில்லை.

அட்ரியன் நான்கு துண்டு சாப்பிட்டார். "எவ்லின், இன்னிக்குத்தான் பக்காவா உறைஞ்சிருக்கு. எந்தக் கடைத் தூள்?" என்றார். ஆறு வருடத்தில் அந்த மேசையில் என் பெயர் வந்தது அன்றுதான்.

"கடையில இல்லங்க, வீட்டுல வளர்ந்தது," என்றேன். சிரித்தார். ஐந்தாவது துண்டை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார்.

ஆமாம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு பாசிமேல் யாராவது பொறாமைப்படுவார்களா?

பாருங்கள், இப்போது புதிதாக ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். லோஷினியாம். இன்னும் பிஞ்சு, ஒரு கிண்ணத்துக்குக்கூடத் தேறாது. நான் ஏதாவது செய்தேனா? நன்றாக வளரட்டும் என்று தினமும் நானே தண்ணீர் மாற்றுகிறேன்.