மெர்ல் மரத்தின் கம்பி வலை

பறவைகளுக்குத் தீனி போடும் பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. நம் கொட்டை வளர்ப்போர் சங்கம் எனக்கு நல்ல அண்டை வீட்டுக்காரர் விருதைத் தருவதற்கு முன், செயற்குழுவிடம் அதைச் சொல்லிவிடுவது நல்லது.

வெர்மான்ட் குளிரில் சிங்கபின் வளர்ப்பது லேசுப்பட்ட காரியமல்ல. செஸ்ட்நட்டின் சின்ன உறவுக்கார மரம். முள்கூட்டுக்குள் விரல் நுனியளவு ஒரே ஒரு கொட்டை. நம் ஊரில் அது காய்த்தது இரண்டே மரங்களில். ஒன்று என் கொல்லையில், மற்றது வேலிக்கு அப்பால் மெர்ல் வீட்டில். இலையுதிர் காலக் கண்காட்சியில் ஒன்பது வருடம் என் கொட்டைக் கிண்ணம்தான் முதலாவது. பத்தாம் வருடம் அவனுடையது முந்தியது.

"என்னப்பா ஆல்டன், உன் மரம் பத்தியம் இருக்குதா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

எலி அண்டாமல் அவன் மரத்தடியில் சுற்றியிருந்த கம்பி வலையில் துரு தெரிந்தது. சரிசெய்து தருகிறேன் என்று கழற்றி வந்தேன். திருப்பிச் சுற்றுவதற்குள் பனி முந்திக்கொண்டது. பறவைகளுக்காக அவன் மரத்தடியில் இரண்டு மூட்டை சூரியகாந்தி விதை தூவியிருந்தேன். விதைக்கு வயல் எலி வரும், விதை தீர்ந்தால் பனிக்கடியில் பட்டையைக் கொறிக்கும் என்பது நேற்றுச் சேர்ந்த உறுப்பினருக்கும் தெரியும். மரத்தை நான் தொடவே இல்லை.

ஏப்ரலில் பனி உருகியபோது அடிமரத்தில் சுற்றிலும் பட்டை இல்லை. அப்படிப் போனால் மரம் பிழைக்காது. மெர்ல் தேம்பி அழுதான். "பனி முந்திக்கிச்சு, நீ என்னப்பா பண்ணுவ," என்று என்னைத் தேற்றினான். நான் ஆப்பிள் பை பலகாரம் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த இலையுதிர் காலம் என் மரம் முழுக்க முள்கூடுகள். பிளந்தால் உள்ளே ஒன்றுமில்லை. சிங்கபின் காய்க்க இன்னொரு மரத்தின் மகரந்தம் வேண்டும். புதியவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். என் மரம் அப்படிப்பட்டதல்ல என்று நினைத்திருந்தேன்.

நல்லவேளையாக அவன் மரத்தின் வேரிலிருந்து தளிர்கள் கிளம்பியிருந்தன. நானே போய் இரண்டு அடுக்கு வலை சுற்றினேன். மூன்று கோடை தண்ணீர் சுமந்தேன். அதைப் பார்த்துத்தான் மெர்ல் என் பெயரை விருதுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். "கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாக்கமாட்டான்," என்றானாம்.

ஆக, அந்த மரத்தைக் கொன்றது நான்தான். அதற்காக விருது வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நல்ல அண்டை வீட்டுக்காரன்தான் நான். அவன் கிண்ணம் மறுபடி என்னுடையதை முந்தும்வரை, அந்த வலையை யாரும் கழற்றப் போவதில்லை.