அல்லது மக்களுக்கு

இல்ல தம்பி, பின்பக்கம் போகாத. இப்படி முன்னாடியே நில்லு. டயர்ல காத்து போனது போனதுதான், ரெண்டு நிமிஷம் கழிச்சுப் பார்த்தா ஒண்ணும் கெட்டுப்போகாது. நீ நிறுத்தினதே பெருசு. ஆனா உன் வண்டி பம்பர்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கியே, எங்க மாநிலம் எங்க சட்டம்னு, அதப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுது. உன்மேல கோவமில்ல. நானும் ஒட்டியிருந்தவதான். இதோ என் வண்டி முன்பக்க பம்பர்ல பாரு, பிச்செடுத்த தழும்ப. இன்னிக்குக் காலைல வெண்ணெய்க் கத்தியால சுரண்டினேன்.

என்னாச்சா? என் புருஷன் லோன்சோ செத்துட்டான். செவ்வாக்கெழம, கல்குவாரில, சாப்பாட்டு டப்பாவத் தொறந்தவன் அப்படியே சாஞ்சுட்டான். சரி சரி, வருத்தமெல்லாம் அப்புறம் படலாம், கேளு. லோன்சோ எனக்கு அத்த மகன். எங்கப்பாவோட கூடப்பொறந்த தங்கச்சி மகன். ஏன் மூஞ்சிய அப்படி வெச்சுக்கற? இங்க கென்டக்கியில எல்லாரும் வெக்கற மூஞ்சிதான், முப்பது வருஷமாப் பார்த்தாச்சு.

அந்தா தெரியுதே பாலம், அதத் தாண்டினா டென்னஸி. அங்க அத்த மகனக் கட்டினா அது கல்யாணம். சர்ச்சுல பாதிரியார் முன்னாடி நின்னோம், ஊரே கோழி வறுத்துத் தின்னுது. பாலத்துக்கு இந்தப் பக்கம் அதே ஆளு, அதே மோதிரம், செல்லாது. அசிங்கம். அவனுக்கு இங்க குவாரில வேல கெடச்சுது, வந்தோம். வர்ற வழியில கல்யாணத்த ஆத்துல போட்டுட்டா வர முடியும்?

முப்பது வருஷம் ஒருத்தனும் கேக்கல. இப்பக் கேட்டது யாரு தெரியுமா? அவன் தம்பி எஸ்டில். மே மாசம் கல்லறைக்குப் பூ வெக்கற நாளுல எல்லாரும் அவங்க குடும்பத்து மலைக்குப் போவோம். நான் பீன்ஸும் சோள ரொட்டியும் தூக்கிட்டுப் போவேன். வந்தவங்ககிட்ட எஸ்டில் என்னைக் காட்டி, எங்க மாமா பொண்ணும்பான். ஒரு தடவகூட அண்ணின்னதில்ல. நான்தான் வெகுளி, கூச்சப்படறான்னு நெனச்சேன். இப்ப அண்ணனை அந்த மலையிலதான் பொதைக்கணும்னு கோர்ட்டுக்குப் போயிட்டான். அங்க எனக்கு எடமில்லையாம், நான் பொண்டாட்டி இல்லையாம். டென்னஸில எங்க சர்ச்சுக்குப் பின்னாடி ரெண்டு பேரு பேரும் வெட்டின கல்லு நிக்குது தம்பி. செத்த வருஷம் மட்டுந்தான் பாக்கி. அவன் கையால நட்ட கல்லு.

இன்னிக்குக் காலைல தீர்ப்பு. பொணத்தக் கேக்க முதல் உரிமை பொண்டாட்டிக்கு. பிள்ளைங்க எங்களுக்குக் கிடையாது, பெத்தவங்க போய்ச் சேர்ந்தாச்சு, அதனால அடுத்தது தம்பி. மாமா பொண்ணு அந்த வரிசைல எங்கயோ வால்ல. எனக்கு ரெண்டு மடங்கு சொந்தம் அவன். அதனாலயே ஒண்ணுமில்லாமப் போச்சு.

சட்டம்னா சட்டந்தானேங்கற. நானும் அப்படித்தான் பேசுவேன். சாப்பாட்டு மேசைல எங்களுக்கு இதே சண்டதான். ஊர்ச் சந்தையில அமெரிக்க அரசியல் சட்டத்தச் சின்னப் புத்தகமாப் போட்டுச் சும்மா குடுப்பாங்களே, அதுல ஒண்ணு உப்பு ஜாடி பக்கத்துலயே கெடக்கும். லோன்சோவுக்கு அதுல ஒம்பதாம் திருத்தம்னா உசுரு. மனுஷனோட உரிமைய எழுதி முடிக்க முடியாதுன்னு எழுதினவனுக்கே தெரிஞ்சிருக்கு, எழுதாம விட்டதால இல்லன்னு ஆயிடாதுன்னு ஒரு வரி போட்டுட்டுப் போயிருக்கான்டிம்பான். நான் விடமாட்டேன். அப்ப ஆளாளுக்கு ஒரு உரிமை சொல்வான், அத யாரு தீர்மானிக்கறது, வாஷிங்டன்ல அங்கி மாட்டின நாலு ஜட்ஜுங்களா? எங்கயும் எழுதாத அதிகாரம் மாநிலத்துக்கு, பத்தாம் திருத்தத்தப் படின்னு கத்துவேன். அவன் சிரிப்பான். உன் மாநிலத்தக் கேட்டா நீ என் பொண்டாட்டியே இல்லடிம்பான். நானும் சிரிப்பேன்.

அந்த ஒம்பதத்தான் எனக்கு வாதாடின சின்ன வயசு வக்கீல் இன்னிக்குத் தூக்கிப் பிடிச்சா. ஜட்ஜு கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே சொல்றாரு, இதுல உரிமை இருக்குன்னுதாம்மா போட்டிருக்கு, என்ன உரிமைன்னு போடலையே. கல்யாணங்கற வார்த்தையே அரசியல் சட்டத்துல கிடையாது, இல்லாததெல்லாம் மாநிலத்துக்குன்னு. எனக்குப் பொறுக்கல. எந்திரிச்சுட்டேன். ஐயா, பத்தாம் திருத்தத்த முழுசாப் படிங்க, மாநிலங்களுக்குன்னு முடியல, அல்லது மக்களுக்குன்னு இருக்கு, அந்த மக்கள்ல நான் சேர்த்தியா இல்லையான்னு கேட்டேன். எத்தன தடவ அதக் காட்டிக் கத்தியிருக்கேன், அந்தக் கடைசி வார்த்தைய நானே இன்னிக்குத்தான் பார்த்தேன். உன் ஸ்டிக்கர்லயும் அது இல்ல, போய்ப் பாரு.

என்ன சொன்னாரா? உக்காருங்க மிஸ் கோப்னு சொன்னாரு. மிஸ். கோப்ங்கறது எங்கப்பன் குடும்பப் பேரு. புருஷன் செத்தா விதவைன்னுதானே சொல்வாங்க? என்னைக் கன்னிப்பொண்ணாக்கி உக்கார வெச்சுட்டாங்க.

அப்பீலா? போடலாம். ஒரு வருஷம் ஆகுமாம். அதுவரைக்கும் லோன்சோ ஐஸ்ல கெடப்பானா? எஸ்டில் நாளைக்குக் காலைலயே குழிக்கு ஆள் சொல்லிட்டான்.

இப்ப எங்கயா? டென்னஸிக்குத்தான். பாலத்தத் தாண்டினா நான் மிஸஸ். சர்ச்சு ஆளுங்க குழி வெட்டிக் காத்துட்டிருக்காங்க. தனியாவா? இல்ல, தனியா எங்க போறேன்.

உன் மூஞ்சியப் பார்த்தா ஓடிப்போய் போலீஸ்ல சொல்ற ஆளாத் தெரியல. சரி, வா பின்னாடி. லோன்சோவ வெச்சிருந்த அடக்கம் பண்ற கடைக்காரர், கோட்னு பேரு, வயசானவரு. எனக்கு ஒம்பதும் தெரியாது பத்தும் தெரியாதும்மா, பின்கதவப் பூட்ட மறந்துட்டு சாப்பிடப் போறேன்னு என்கிட்ட சொல்லிட்டே போனாரு. பெட்டிய உருட்டு வண்டியில ஏத்தியே வெச்சிருந்தாரு. நான் பலகையப் போட்டு ஏத்தினேன். அவசரத்துல பாரு, ஸ்டெப்னிய அடியில விட்டு மேல பெட்டிய வெச்சுத் தொலைச்சிருக்கேன்.

தொப்பிய அப்புறம் கழட்டலாம் தம்பி. முதல்ல அவன் கால்பக்கம் பிடி.