மூண்டாவது ஐஸ்கிறீம்

நிரோ: எனக்கு ஐஸ்கிறீம் வேண்டாம். முதல் பாங்கிலை அந்த லோன் பிள்ளை என்ன சொன்னவ எண்டு சொல்லுங்கோ.

றெஜி: சொல்லுறன், சொல்லுறன். முதல் இரன் நிரோ. வெய்யிலுக்குள்ளாலை நடந்து வந்தனாங்கள்... அண்ணை, இஞ்சை ரெண்டு ஸ்பெஷல்!

நிரோ: ஸ்பெஷலோ? அப்ப பாங்கிலை இல்லையெண்டிட்டாங்கள்.

றெஜி: ஆர் சொன்னது?

நிரோ: கலியாணம் கட்டிப் பதினேழு வருசத்திலை நீங்கள் எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தாறது இது மூண்டாம் தரம். முதல் தரம் ஷெரோன் பிறந்து ஆசுப்பத்திரியாலை வந்த கிழமை. ரெண்டாம் தரம் என்ரை காப்பை அடகு வைச்சிட்டு வந்த அண்டைக்கு.

றெஜி: உனக்கு ஞாபகசக்தி கூடிப்போச்சு... ஓம். இல்லையெண்டிட்டாங்கள்.

நிரோ: அப்ப எஞ்சின்?

றெஜி: மயிலிட்டியிலை எஞ்சின் விக்கிற அந்தாள் ஞாயிறு மட்டும்தான் வைச்சிருப்பன் எண்டவர். பிறகு வேறை ஆருக்கும் வித்திடுவார்.

நிரோ: எங்கடை போட் இன்னும் ஒரு வருசம் கரையிலை குப்புறக் கிடக்கும். நீங்கள் சம்மாட்டியின்ரை போட்டிலை போய், பிடிக்கிற மீனிலை பாதியை போட்டின்ரை பங்கு, எஞ்சினின்ரை பங்கு எண்டு அவருக்கே குடுத்திட்டு வருவியள்.

றெஜி: என்ன செய்யிறது...

நிரோ: என்ன காரணம் சொன்னவ? நான் அடையாள அட்டை போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு வாறதுக்கிடையிலை எல்லாம் முடிஞ்சு போச்சே.

றெஜி: கடல் தொழில் எண்டால் வருமானம் நிரந்தரம் இல்லையாம்.

நிரோ: போன மாசம் டினேஸுக்குக் குடுத்தவைதானே? அவன் என்ன அரசாங்கக் கச்சேரிக் கந்தோருக்குள்ளையே மீன் பிடிக்கிறவன்?

றெஜி: அது... வயசும் பாக்கினமாம்.

நிரோ: நாப்பத்திமூண்டு ஒரு வயசோ? டினேஸ் உங்களிலும் ரெண்டு வயசு மூப்பு.

றெஜி: காணி உறுதி எங்கடை பேரிலை இல்லையெண்டும் ஏதோ...

நிரோ: இஞ்சரப்பா, எஞ்சின் லோனுக்குக் காணி கேக்கிறேல்லை. எஞ்சினைத்தான் எழுதி வாங்கிறவை. அந்தப் பேப்பர் முழுக்க நிரப்பினது ஆர்? நான்.

றெஜி: உன்னைத்தான் பாங்கிலை வேலைக்கு எடுத்திருக்கவேணும்.

நிரோ: பகிடியை விடுங்கோ. நாங்கள் முந்தி எடுத்த கடனிலை ஏதும் பிழையோ?

றெஜி: அதுதானே விசர்க்கதை! எல்லாக் கடனும் வரிசையா ஒரு தாளிலை கிடக்கு. கிறிப் அறிக்கையாம். வலைக் கடன், வீட்டுக் கடன்... ஒரு தவணைகூடப் பிந்தேல்லை. 'அண்ணை, இப்பிடிக் கறையில்லாத தாளைக் கனகாலத்துக்குப் பிறகு பாக்கிறன்' எண்டு அந்தப் பிள்ளையே சொன்னவ.

நிரோ: மெச்சிப்போட்டு இல்லையெண்டவவோ?

றெஜி: ஓம்.

நிரோ: மாப்பிள்ளை நல்லவர், வடிவானவர், பொம்பிளை மட்டும் தரேலாது எண்டமாதிரி.

றெஜி: ஐஸ்கிறீம் வந்திட்டுது. குடி.

நிரோ: கோப்பையைப் பாக்காதையுங்கோ. என்னைப் பாத்துச் சொல்லுங்கோ.

றெஜி: ...அந்தத் தாளிலை இன்னுமொரு கடனும் கிடந்தது.

நிரோ: ஆற்றை கடன்?

றெஜி: கிறிஸ்ரோபரின்ரை.

நிரோ: எந்தக் கிறிஸ்ரோபர்?

றெஜி: எங்களுக்கு எத்தினை கிறிஸ்ரோபர்? ஷெரோனின்ரை ஞானத்தகப்பன்தான். அவன் போட் வாங்க லோன் எடுக்கேக்கை நான் பிணை நிண்டனான். மூண்டு வருசத்துக்கு மேலை ஆச்சு.

நிரோ: எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை.

றெஜி: சொன்னால் விட்டிருப்பியே?

நிரோ: விட்டிருக்கமாட்டன்.

றெஜி: எங்கடை பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டியடியிலை கையிலை ஏந்திக்கொண்டு நிண்டவன். அவன் வாசலுக்கு வந்து கேட்டால் என்னெண்டு இல்லையெண்டிறது? குருநகரிலை ஆர் எண்டாலும் கையெழுத்து வைச்சிருப்பினம்.

நிரோ: பாங்குக்கு ஞானத்தகப்பனைத் தெரியாதே.

றெஜி: ஓம்... நாளைக்கு அவன் கட்டாட்டில் நான்தானே கட்டவேணும். அதாலை அவன்ரை தவணையையும் என்ரை செலவெண்டுதான் பாக்கினமாம். அதோடை எஞ்சின் தவணையும் சேர்ந்தால் என்ரை வருமானம் காணாதாம்.

நிரோ: அவர் ஒழுங்காக் கட்டிக்கொண்டு வந்தாலுமோ?

றெஜி: அதைத்தான் நானும் கேட்டனான். ஒழுங்காக் கட்டினாலும், கடைசித் தவணை முடியுமட்டும் அந்தப் பாரம் என்ரை பேரிலைதானாம்.

நிரோ: அப்பிடியோ... ஒழுங்காக் கட்டினால் போதும் எண்டெல்லோ நினைச்சன்.

றெஜி: நீ எப்ப நினைச்சனீ? இப்பதானே உனக்கு விசயமே தெரியும்.

நிரோ: இல்லை... பொதுவாச் சொன்னனான். நீங்கள் சொல்லுங்கோ.

றெஜி: கிறிஸ்ரோபரைப் பற்றி ஒண்டு சொல்லவேணும் நிரோ. இழுவைப் படகு வந்து அவன்ரை வலை முழுக்க அள்ளிக்கொண்டு போய் ஒரு வருசத்துக்கு மேலை. தொழிலே இல்லை. எண்டாலும் ஒரு தவணை விடேல்லை. அந்தப் பிள்ளை கொம்பியூட்டரிலை பாத்துச் சொல்லேக்கை எனக்குக் கண்ணாலை தண்ணி வந்திட்டுது. ஆம்பிளை எண்டால் அவன்!

நிரோ: ம்.

றெஜி: என்ன ம்? கோவமோ?

நிரோ: இல்லை.

றெஜி: கோவப்படு. நாலு ஏச்சு ஏசு. நண்டு உரிச்சு உரிச்சு உன்ரை விரலெல்லாம் புண். இந்த எஞ்சின் வந்தால் உன்னைக் கம்பனிக்குப் போகாமல் நிப்பாட்டலாம் எண்டு இருந்தனான். என்ரை கையெழுத்தாலையே அது போச்சு. எனக்கு வெக்கமாக் கிடக்கு.

நிரோ: மூண்டு வருசமும் இதை மனசுக்குள்ளை வைச்சுக்கொண்டு திரிஞ்சியளோ?

றெஜி: வேறை என்ன செய்ய? பாவசங்கீர்த்தனத்திலை சுவாமிக்குச் சொன்னனான். 'அதை இஞ்சை வந்து சொல்லாதை, மனிசிக்குச் சொல்லு' எண்டார்.

நிரோ: எனக்கும் அப்பிடித்தான் சொன்னவர். மனிசனுக்குச் சொல்லு எண்டு.

றெஜி: உனக்கோ? உனக்கு என்ன கிடக்கு சொல்ல?

நிரோ: குடியுங்கோ, கரையுது.

றெஜி: ...சரி, விடு. பாங்க் தராட்டில் என்ன, உன்ரை சீட்டுக் கிடக்கு. பதினாலு மாசமாச் சம்பளத்திலை கட்டிறாய். அதை எடுத்து மயிலிட்டியானுக்கு அட்வான்ஸ் குடுத்தால் கொஞ்சநாள் பொறுப்பான்.

நிரோ: சீட்டை இப்ப எடுக்கேலாது.

றெஜி: ஏன் ஏலாது? சீட்டுப் பிடிக்கிறது பெர்னடெட்தானே? கிறிஸ்ரோபரின்ரை மனிசி எனக்கு இல்லையெண்டு சொல்லுவாவே? பொறு, இப்பவே கதைக்கிறன்.

நிரோ: போனை வையுங்கோ.

றெஜி: ஒரு நிமிசம். மணி அடிக்குது...

நிரோ: வையுங்கோ எண்டிறன்!

றெஜி: வைச்சிட்டன், வைச்சிட்டன். என்னப்பா? ஏன் அழுறாய்?

நிரோ: சீட்டெண்டு ஒண்டு இல்லை. கிறிஸ்ரோபரின்ரை தவணைக்கு நாள் நெருங்குது எண்டு, பிணைகாரர் உங்கடை பேருக்குப் பாங்க் கடிதம் வந்த அண்டைக்கு நீங்கள் கடலிலை. நான்தான் உடைச்சுப் பாத்தனான். பின்னேரம் பெர்னடெட் வந்து வாசலிலை நிண்டு அழுதவ. அண்டையிலையிருந்து அந்தத் தவணை கட்டிறது நான். கிறிஸ்ரோபருக்குக்கூடத் தெரியாது, தாய்வீட்டுக் காசெண்டு பெர்னடெட் சொல்லி வைச்சிருக்கிறா. தவணை பிந்தினால் உங்கடை பேர் கெட்டிடும், பேர் கெட்டால் எஞ்சின் லோன் கிடையாது எண்டு நினைச்சுத்தான் கட்டினனான். அந்தப் பிள்ளை மெச்சினவவே, கறையில்லாத தாள் எண்டு... அது நான் உரிச்ச நண்டப்பா. இன்னும் ஒம்பது தவணை கிடக்கு, அதையும் கட்டி முடிப்பம். பில்லை இஞ்சை தாங்கோ, இந்த ஐஸ்கிறீம் நான் உங்களுக்கு வாங்கித் தாறது.