தலைதீபாவளி வூஃபர்

வூஃபர் என்றாலே காது கிழிகிற இரைச்சல் என்று பலர் நினைக்கிறார்கள், சார். அப்படி இல்லை. ஒழுங்காகப் பொருத்தினால் அது காதுக்குக் கேட்பதைவிட நெஞ்சுக்குத்தான் அதிகம் கேட்கும். பீர்மேட்டில் பதினோரு வருஷமாகக் கார் ஸ்டீரியோ கடை வைத்திருக்கிறேன். என் கையால் செய்த வண்டி ஒன்றுகூட வயர் கருகித் திரும்பி வந்ததில்லை. அருண்பாண்டியின் வண்டியிலும் வேலையில் குறை சொல்ல முடியாது.

அருண்பாண்டி என் தங்கை சிவசங்கரியின் புருஷன். டூரிஸ்ட்காரர்களுக்கு வண்டி ஓட்டுகிறவர். வைகாசியில்தான் கல்யாணம் முடிந்தது. சங்கரி எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தாள். வேலை அவள் பேரில், அதனால் எஸ்டேட் கொடுக்கிற லயத்து வீடும் அவள் பேரில். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து தங்கினார். பெண்டாட்டி வீட்டில் குடியிருக்கிறான் என்று யாராவது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவளுக்கு அடி விழும். நானும் அம்மாவும் அடுத்த வீடு. லயம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நடுவில் ஒற்றைச் சுவர், மேலே ஒரே தகரக் கூரை. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் ஆறு வீட்டில் தும்முவார்கள். அவள் அழுதாலும் ஆறு வீட்டுக்குக் கேட்கும்.

நான் கண்டிக்காமல் இல்லை. இரண்டு தடவை சொன்னேன்.

"மாப்ள, கை நீட்டாதீங்க. பாக்க நல்லாயில்ல."

"உங்க தங்கச்சிய மொதல்ல வாய அடக்கச் சொல்லுங்க மச்சான்" என்றார். அதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. சங்கரிக்குச் சின்ன வயதிலிருந்தே எதிர்த்துப் பேசுகிற வாய்.

ஆவணியில் எனக்குச் சம்பந்தம் பேசினார்கள். எனக்கு முப்பத்துமூன்று வயது. முன்பு வந்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்தது. இந்தப் பெண் யோகப்பிரியா, வண்டிப்பெரியாற்றில் டீச்சர். அவளுடைய அப்பா பெரியமுத்து ஒரு நாள் வீடு பார்க்க வந்தார். அம்மா டீ கொடுத்துக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் எதுவோ விழுந்தது, பிறகு சங்கரியின் குரல். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"பக்கத்து வீட்ல என்ன தம்பி?"

"டிவி சீரியல், மாமா" என்றேன்.

அவர் சிரித்தார், நம்பினாரோ என்னவோ. அவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பினால் மூன்றாம் வீட்டு ராமலட்சுமி அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ஏன்டா ராஜசேகரு, ஒந்தங்கச்சி சீரியல்ல நடிக்கப் போயிட்டாளாக்கும்?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. மாப்பிள்ளைமேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. வாங்குகிற அடியைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டால் என்ன என்று அவள்மேல்தான் வந்தது.

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் மோதிரம் கேட்கவில்லை. "வண்டிக்கு ஒரு வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் போட்டுக் குடுங்க மச்சான், அதுவே சீரா இருக்கட்டும்" என்றார். கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றக் கூடாது, அது வந்தபடியே இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை. அது பெரிய காரியம் இல்லை. பின் ஸ்பீக்கருக்குப் போகிற வயரிலிருந்து கன்வெர்ட்டர் வைத்துப் பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கலாம். பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி ஃபியூஸ் போட்டேன். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டில் எர்த் கொடுத்தேன். வூஃபர் பெட்டியை டிக்கியில் இறக்கி நாலு போல்ட்டில் இறுக்கினேன்.

அவர் கேட்காத ஒன்றையும் செய்தேன். நாலு கதவையும் பிரித்து, உள்தகடு முழுக்க டேம்பிங் ஷீட் ஒட்டினேன். தார் மாதிரிக் கனமான ஷீட், மேலே வெள்ளித்தாள். கூரையிலும் தரையிலும் ஒட்டினேன். கதவு இடுக்குக்கெல்லாம் ரப்பர் மாற்றினேன். அதிர்வில் தகடு கிலுகிலுக்காமல் இருக்கத்தான் அதை ஒட்டுவார்கள். வழக்கமாக ஒரு அடுக்கு போதும். நான் மூன்று அடுக்கு ஒட்டினேன்.

முடித்ததும் மாப்பிள்ளையை உள்ளே உட்காரவைத்துக் கண்ணாடியை ஏற்றச் சொன்னேன். பாட்டின் வால்யூமை நடுவாக வைத்துக்கொண்டு சத்தமாக எதையாவது கத்தச் சொன்னேன். அவர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"என்ன சொன்னேன்னு கேட்டுச்சா மச்சான்?"

"ஒண்ணுமே கேக்கல மாப்ள. பாட்டு மட்டுந்தான்."

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு அம்மா செய்த அதிரசத்தை இருவரும் தின்றோம்.

அதற்கப்புறம் வீட்டுக்குள் சண்டை நின்றுவிட்டது. "வா, வண்டியில ஒக்காந்து பேசிக்கலாம்" என்று அவளைக் கூட்டிப்போவார். வண்டி முற்றத்தைவிட்டு நகராது. பின்கண்ணாடிகளுக்கு வெயில் திரை உண்டு. இரண்டு பேரும் பின்சீட்டில் இருப்பார்கள், பாட்டு ஓடும். லயத்துப் பிள்ளைகள் வண்டியைச் சுற்றி நின்று ஆடுவார்கள். ராமலட்சுமி அக்காகூட, "புருசனும் பொஞ்சாதியும் என்னமா ராசியாயிட்டாக" என்றார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "சங்கரி இப்பல்லாம் அழுவுறதே இல்ல, பாத்தியாடா?" என்று கேட்டார். ஆமாம்மா என்றேன்.

கார்த்திகை பிறந்ததும் சங்கரி ஒரு நாள் கடைக்கு வந்தாள். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு நேராக வந்திருந்தாள். ஒரு காது வீங்கியிருந்தது.

"அண்ணே, அந்தப் பொட்டியக் கழட்டிரு."

"சீராக் குடுத்தத எப்படித்தா திருப்பிக் கேக்கறது?"

"உள்ள என்ன கத்துனாலும் ஒருத்தருக்கும் கேக்கல. முன்னாடியாச்சும் ராமலட்சுமி அக்கா வந்து கதவத் தட்டும். அவரு நிறுத்திருவாரு. இப்ப எதுக்கு நிறுத்தணும்?"

"தை வரைக்கும் பொறுத்துக்கோ. எங்கல்யாணம் முடியட்டும், நானே வந்து பேசுறேன்."

"தை வரைக்கும் என்னய உசுரோட விட்டு வைப்பாரா அவரு?" என்று கேட்டாள். பெண்கள் கோபத்தில் அப்படித்தான் பேசுவார்கள். அவளுக்கு டீயும் பருப்பு வடையும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். வடையைத் தொடவில்லை, பொட்டலத்தை அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் அவள் வண்டிக் கதவைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு மஸ்டர் கொட்டகை வரைக்கும் ஓடிவிட்டாள். ஆள் பதிவு நடக்கிற நேரம். அத்தனை பேரும் பார்த்தார்கள். அந்தப் பேச்சு வண்டிப்பெரியாறு போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? மறுநாள் எர்த்தைச் சோதிக்க வேண்டும் என்று வண்டியைக் கடைக்குக் கொண்டுவரச் சொன்னேன். அவள் உட்காருகிற இடதுபக்கப் பின்கதவில் சைல்டு லாக்கைப் போட்டுவிட்டேன். சின்னத் திருகுதான். போட்டால் உள்ளேயிருந்து கதவு திறக்காது. பிள்ளை இல்லாத வண்டிக்கு அது எதற்கு என்று கேட்பீர்கள். எந்த வண்டிக்கும் பாதுகாப்பு பாதுகாப்புதானே.

கார்த்திகை கடைசி ஞாயிறு பெண் வீட்டார் கை நனைக்க வந்தார்கள். எங்கள் வழக்கத்தில் சம்பந்தம் உறுதியானால்தான் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுவார்கள். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டால் எல்லாம் முடிந்தது. பதினோரு பேர். இலை போட்டு, சாதம் வைத்தாயிற்று. அப்போது முற்றத்தில் பாட்டு ஆரம்பித்தது. டம்ளர் தண்ணீர் வளையம் வளையமாக அதிர்ந்தது. பெரியமுத்து சாதத்தில் கை வைக்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு தம்பி அது?"

"நம்ம மாப்ளதான், மாமா. பாட்டுன்னா உசுரு."

"கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்களேன்."

வெளியே போனேன். இடதுபக்கத் திரை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சங்கரியின் கழுத்தில் சீட் பெல்ட் சுற்றியிருந்தது. அவளுடைய ஒரு கை கண்ணாடியில் விரிந்திருந்தது. அந்தக் கதவு வெளியேயிருந்து திறக்கும், பூட்டியிருக்கவில்லை. எனக்கு அது தெரியும். திறந்திருந்தால் பதினோரு பேரும் கேட்டிருப்பார்கள். நான் கண்ணாடியைத் தட்டி, பாட்டைக் குறைக்கும்படி மாப்பிள்ளைக்கு விரலால் சைகை காட்டினேன். அவர் ஒரு கையை முன்னால் நீட்டிக் குறைத்தார். நான் உள்ளே வந்து ரசம் ஊற்றினேன். எல்லோரும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குப் போனார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கதவைத் திறந்தேன்.

மாப்பிள்ளை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்கிறீர்கள். என்னைப் பற்றி அவர் சொன்னதும் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும் தவறாகச் சொல்லியிருக்கிறார். அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது என்கிறார். அவளுடைய வாய் அசைந்ததைப் பார்த்தேன். ஒரே வார்த்தைதான். பேச்சு வந்த நாளிலிருந்து அவள் என்னைக் கூப்பிடுகிற வார்த்தை, அதனால் உதட்டைப் பார்த்தே தெரிந்துவிட்டது. ஆனால் அரையடி தள்ளி நின்ற எனக்கு ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. என் வாக்குமூலத்தை நீங்கள் மலையாளத்தில் எழுதும்போது அதை மட்டும் விட்டுவிடாதீர்கள், சார். அண்ணனுக்கு எதுவும் கேட்கவில்லை.