நல்லகாமனின் இரண்டாம் கையெழுத்து

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பாதுஷா அண்ணன் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நல்லகாமனின் துணைவியார், என் தங்கச்சி பாண்டியம்மாள் அவர்களே! ஒன்பது ஆஸ்பத்திரிகளின் பில் கவுண்டரை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் மதுரை வட்டார மருத்துவமனைக் கணக்கர் சங்கத்துத் தோழர்களே!

சிவனாண்டியாகிய நான் இந்தச் சபையில் ஒரு சத்தியம் செய்கிறேன். இப்போது நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. பதினோரு வருஷமாக என்னை நம்பாதவர்கள், இன்றைக்கு மட்டும் என்ன புதுசாக?

நல்லகாமன்! யார் இந்த நல்லகாமன்? ஆஸ்பத்திரிக் கணக்கு சூப்பிரண்டா? மேசைப் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. மெட்ராஸிலிருந்து கூட்டல் மெஷின் விற்க வந்த ஒருவன், இவர் பேரேட்டுப் பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரே பார்வை பார்த்து மொத்தத்தைச் சொன்னதைக் கேட்டான். மெஷினை வைகையில் வீசிவிட்டு, ஊரில் போய் வடைக்கடை வைத்துவிட்டான். ஆற்றில் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. மெஷின் இன்னும் மணலில்தான் கிடக்கிறது, போய்ப் பாருங்கள்.

அப்பேர்ப்பட்டவரைக் கூட்டிப்போக எமன் வந்தது போன செவ்வாய்க்கிழமை அல்ல, அதற்கு முந்தின சனிக்கிழமையே! அவரும் நானும் ஒன்றாக வேலை பார்த்த ஆஸ்பத்திரி, பொது வார்டு, பதினான்காம் கட்டில். என் மாப்ள நல்லகாமன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கேட்டார்: "வவுச்சர் இருக்கா?" எமன் முழித்தான். "வவுச்சர் இல்லாம ஒரு பஞ்சுச் சுருள்கூட இந்த வாசலைத் தாண்டினதில்ல. என்னைய மட்டும் எப்படி அனுப்புறது? போய் எழுதிக்கிட்டு வா." மூன்று நாள் அலைய விட்டார். செவ்வாய்க்கிழமை எமன் மூன்று நகலோடு வந்து நின்றான். மாப்ள வரி வரியாகப் பார்த்தார். "எல்லாம் சரி. ரெண்டாங் கையெழுத்து எங்க?" என்று கேட்டார்.

எமன் அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவனுக்கு மட்டும் அந்த விதி கிடையாதாம்.

ஆனால் நமக்கு உண்டு! இந்த வட்டாரத்தில் ஒன்பது ஆஸ்பத்திரிகளில், நோயாளி கட்ட வேண்டிய தொகையை எழுதிய சீட்டு ஒன்றாவது ஒற்றைக் கையெழுத்தோடு வெளியே போகிறதா? போகாது! ஒருவர் எழுத வேண்டும். இன்னொருவர் அதைக் கட்டணப் பட்டியலோடு ஒத்துப்பார்த்து, நோயாளியின் வீட்டாருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டி, கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் யார்? நல்லகாமன்! ஏன் கொண்டுவந்தார்? அந்தக் கதைக்கு வருகிறேன், பொறுங்கள்.

எழுபத்து மூன்றாம் வருஷத்திலிருந்து மாதாமாதம் ரெண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி, கோச்சடையில் அவர் வீட்டு மாடி. வைகையில் தண்ணீர் வராத வருஷம் உண்டு, வகுப்பு நடக்காத மாதம் உண்டா? ஒரு கட்டிலுக்கு ஒரு நாள் செலவு எம்புட்டு என்று கணக்கிடுவது, மருந்து இருப்பைச் சரிபார்ப்பது, புதிதாக வந்த வரி விதி என்று வேலைக்குப் போன பிறகு நாமெல்லாம் படித்தது அந்த மாடியில்தானே!

படிப்புக்கு முன்னால் ஒரு சடங்கு. ஒவ்வொருவரும் எழுந்து நின்று, அந்த மாதம் தான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். சொல்லாதவருக்கு டீ கிடையாது. போட்டி ஆஸ்பத்திரிக்காரன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எவனாவது தன் தப்பைச் சொல்வானா? சொன்னோம்! ஒரே எக்ஸ்ரேவுக்கு ரெண்டு தடவை பணம் வாங்கியதைப் பாதுஷா அண்ணன் சொன்னார். அடுத்த மாதமே ஒன்பது ஆஸ்பத்திரியிலும் பணம் கட்டிய எக்ஸ்ரே சீட்டில் ஓட்டை போட ஆரம்பித்தோம். ஒருத்தர் விழுந்த குழியில் இன்னொருத்தர் விழக்கூடாது. அவர் நடத்திய பல்கலைக்கழகத்தின் மொத்தப் பாடமும் அதுதான்.

நான் என்ன சொன்னேன்? கோயில் யானைக்குப் பல் பிடுங்கிய செலவைப் பிரசவ வார்டுக் கணக்கில் ஏற்றிவிட்டதாகச் சொன்னேன். சேராத நோயாளியை ரெண்டு தடவை டிஸ்சார்ஜ் செய்ததாகச் சொன்னேன். மாடி அதிரச் சிரித்தீர்கள். அதோ உட்கார்ந்திருக்கும் மெஹருன்னிசா ஒருநாள் கேட்டேவிட்டாள்: "அண்ணே, இந்த யானை போன வருசமே வந்திருச்சு. நெசமான தப்பு ஒன்னு சொல்லுங்க பாப்போம்."

"நெசமா நான் தப்பே செய்றதில்லம்மா. அதான் வெளிய இரவல் வாங்கிட்டு வாரேன்."

எல்லாரும் சிரித்தார்கள். மாப்ள சிரிக்கவில்லை. ஆனாலும் டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே கணக்கர் விருமாண்டி மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டார். தணிக்கைக்கு நாலே நாள். புளிச்சோறு கட்டிக்கொண்டு எழுபது பேர் பஸ் ஏறினோம். என்னம்மா மெஹருன்னிசா? சரி, ஏழு பேர். ரெண்டு நாளில் வருஷக் கணக்கை முடித்தோம். "யார் பேரைப் போடுறது?" என்று கேட்டேன். "விருமாண்டி பேரைத்தான். படுத்துக் கிடக்கவன் பொழப்பைக் காப்பாத்த வந்தோமா, நம்ம பேரைக் காட்ட வந்தோமா?" என்றார் மாப்ள. அதுதான் நல்லகாமன்!

இனி அந்தக் கதை. வருஷத்துக்கு ஒருமுறை அவரே உங்களிடம் சொன்ன கதைதான்.

எழுபத்து மூன்று, தை மாதம். செல்லூரிலிருந்து முத்திருளன் என்ற தறிக்காரர் தன் மனைவி அன்னக்கொடியைக் கூட்டி வந்தார். வயிற்றில் உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். பொது வார்டுப் பட்டியலைப் பார்த்து எழுத வேண்டிய சீட்டு, தனி அறைப் பட்டியலைப் பார்த்து எழுதப்பட்டது. ஆயிரத்து நூறு ரூபாய். "கொஞ்சம் கொறைக்க முடியுமா சார்?" என்று கேட்டார். "பட்டியல்ல உள்ளதுதாம்ப்பா" என்று கவுண்டரிலிருந்து பதில் போனது. காசு வாங்காத பெரியாஸ்பத்திரிக்காவது போகச் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. சீட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மனைவியை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்.

எட்டாம் நாள், கொள்ளி வைத்த மொட்டைத் தலையோடு வந்தார். சீட்டை நீட்டினார். "ஆஸ்பத்திரிச் சீட்டு சார். திருப்பிக் கொடுக்கணும்ல?" என்றார். அதை வாங்கிப் பார்த்தபோதுதான் மாப்ள கண்ணில் தப்புப் பட்டது. யாருக்கும் தெரியாமல் கிழித்துப் போட்டிருக்கலாம். கேட்க யார் இருந்தார்கள்?

மறுநாள் காலையில் செல்லூருக்குப் போனோம். சந்தில் நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாப்ள உள்ளே போனார். தறிச் சத்தம் நின்றது. "நாங்க தப்பா எழுதிட்டோம்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"அப்ப நெசத்துக்கு எம்புட்டு சார்?"

"நூத்தி எம்பது."

தறியை விட்டு முத்திருளன் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

"அது எங்கிட்ட இருந்துச்சு."

அவ்வளவுதான். அவர் அடிக்கவில்லை, ஏசவில்லை. தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. அடுத்த மாதம் ரெண்டாம் ஞாயிறு முதல் வகுப்பு. அதில் முதல் தப்பாக மாப்ள சொன்னது இதுதான். "நாங்க தப்பா எழுதிட்டோம்" என்றே ஒவ்வொரு தடவையும் சொல்வார். நாங்க, நாங்க! எழுதியது அவர்தான், ஆஸ்பத்திரியையும் சேர்த்து 'நாங்க' என்கிறார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள்.

இன்றைக்கு நமக்கு முன்னால் இருக்கிற கேள்வி என்ன? வருகிற ரெண்டாம் ஞாயிறு கோச்சடை மாடியில் அவர் உட்கார்ந்து வகுப்பு நடத்திய நாற்காலியில் யார் உட்காருவது? சிவனாண்டிதான் என்று நேற்றுச் சங்கத்தில் கை தூக்கிவிட்டீர்கள். அவர் போவதற்கு முதல் நாள், பதினான்காம் கட்டிலில், என் கையைப் பிடித்துக்கொண்டு அவரும் அதையேதான் சொன்னார்: "மச்சான், வகுப்பை விட்டுறாத. நீதான் நடத்தணும். ஆனா ஒன்னு, ஒந்தப்பைச் சொல்லிட்டு உக்காரு. சொல்லாம உக்காந்தேன்னா அது வெறும் நாற்காலிதான்."

மாப்ள! பதினோரு வருஷம் நீ ஊற்றிக்கொடுத்த டீ ஒன்றாவது என் தொண்டையில் ஒழுங்காக இறங்கியிருக்கும் என்றா நினைக்கிறாய்?

தோழர்களே! வருகிற ஞாயிறு பத்து மணிக்கு வகுப்பு நடக்கும். மாடியைப் பெருக்கி, பாயை விரித்து நான் காத்திருப்பேன். நாற்காலி எனக்கு வேண்டும் என்று கேட்கமாட்டேன். நான் முடித்த பிறகும் உங்கள் கை தூக்கியபடியே இருந்தால் உட்காருகிறேன். இல்லாவிட்டால் பாயில் உட்கார்ந்து படிக்கிறேன். ரெண்டில் எதுவானாலும், ஒற்றைக் கையெழுத்துச் சீட்டு எந்த ஆஸ்பத்திரி வாசலையும் தாண்டாமல் பார்த்துக்கொள்வேன். இது அவர் மேல் ஆணை!

யாரும் நம்பாத கதை என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். மெஷினை யாரும் வைகையில் வீசவில்லை. எமனிடம் யாரும் வவுச்சர் கேட்கவில்லை. யானைக்கு நான் பில் போட்டதே இல்லை. இவ்வளவு அளப்புக்கும் நடுவில், முத்திருளன் திருப்பிக் கொடுத்த அந்தத் துண்டுச் சீட்டு மட்டும் நிஜம். அதைப் பதினோரு வருஷமாக மாப்ள தன் பெட்டியில் வைத்திருந்தார். நேற்றுத் தங்கச்சி பாண்டியம்மாள் அதை எடுத்து என் கையில் கொடுத்தது. இதோ இருக்கிறது.

இதில் ஒரே ஒரு கையெழுத்துதான் இருக்கிறது. அது என்னுடையது.