ஷாக்கில் ஏற்ற வேண்டிய காற்று

"உன் வெயிட் இன்னா? நெசத்த சொல்லு."

வெள்ளிமலை போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருந்தவர் மனைவியிடம் கேட்டார். அவர் மடியில் மலை சைக்கிளின் பின்பக்க ஷாக் அப்சர்பர் இருந்தது.

"பஸ்ல கேக்கற கேள்வியா இது?"

"ஓட்றவங்க வெயிட்டுக்குதான் இதுல காத்து ஏத்தணும். ஜாஸ்தியானா கல்லுல தூக்கி அடிக்கும். கம்மியானா எறக்கத்துல இடிக்கும்."

"நீங்கதான ஓட்டப்போறீங்க?"

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "இந்தக் காலோட இனிமே மலையில ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பியது.

"ஒவ்வொரு பார்ட்டா தேடி வாங்கி நீங்களே பூட்டின சைக்கிளு. வூட்லயே நிக்கட்டுமே."

"நிக்கறதத்தான் பாக்க முடியல. நீ ஓட்டு. எப்டி எறங்குதுன்னு வந்து சொல்லு, போதும்."

"அறுபத்தி ரெண்டு கிலோ" என்றாள், பஸ்ஸுக்கே கேட்கும்படி. பிறகு குரலைத் தாழ்த்தி, "எறக்கத்துல பயமா இருந்தா?" என்றாள்.

"எறங்கித் தள்ளிக்கினு வா."

"நீங்க என்னிக்காவது அப்டி வந்தீங்களா?"

அவர் சிரித்துவிட்டார்.

"எத்தினியோ வாட்டி. உங்கிட்டதான் சொல்லல."