பக்கத்தில் நின்றவள்

மீஞ்சூரில் ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறி என் எதிரே உட்கார்ந்த இரண்டு பெண்களும் ஏற்கெனவே பழக்கமானவர்கள் போலிருந்தது. சின்னவள் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது.

"அவ மூஞ்சி எப்டி இருக்கும்னே எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் சின்னவள்.

நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

"இன்னாடி சொல்ற? பக்கத்துலதானே வேலை செஞ்சா?" என்றாள் பெரியவள்.

"போனுக்குள்ள வெக்கிற சிப்பு மேல தூசி படக்கூடாதுன்னு தலையிலர்ந்து கால்வரைக்கும் மூடிக்கணும். கண்ணு மட்டும்தான் தெரியும். சாப்பாட்டுக்குக்கூட வேற வேற நேரத்துல வுடுவாங்க. செல்வின்னு கோட்டுல எழுதியிருக்கும், அவ்ளோதான். புதுசுல எனக்கு வேலை சரியா வராது. அவ என்னைப் பார்த்துக் கண்ணாலயே சிரிப்பா."

"போன் நம்பர் வாங்கலியா?"

"போனை வெளியவே பூட்டி வெச்சிடுவாங்க. வாசல்ல நின்னு பேர் சொல்லிக் கேக்கணும்னு நெனச்சிகினே இருந்தேன். அதுக்குள்ள வேலைய வுட்டு நின்னுட்டா. ஏன்னு சூப்பர்வைசருக்கும் தெரியல. மறுநாளே அந்த எடத்துல வேற பொண்ணு நிக்குது."

"கம்பெனி பெருசாவுது, ஆளு வந்துகினேதான் இருக்கும். நல்ல வேலை கெடச்சிகீது, அத்த நெனச்சி சந்தோசமா இரு."

"சந்தோசம்தான்க்கா. வூட்லயும் எல்லாருக்கும் சந்தோசம்."

திருவொற்றியூரில் பெரியவள் இறங்கிக்கொண்டாள். ஏறிய பெண்களைச் சின்னவள் ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். முகத்தை அல்ல, கண்களை மட்டும். கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். கொஞ்ச நேரம் என் கண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.